மீன் வாசனை தெரியாத பூனை

திருச்சி தென்னூரில் உங்கள் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லையில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறார். வழக்கமாக அரிவாள்மனையை எடுக்கும் ஓசை கேட்டதுமே ஓடிவந்து காலைச் சுற்றும் பூனை இன்று வரவில்லை. தேடிப் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. ஒரு மீன் தலையைக் கொண்டுபோய் அதன் முன்னே வைக்கிறீர்கள். முகர்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிறகு அடுத்தடுத்து நான்கைந்து தும்மல்.

"இந்தப் பூனைக்கு மீன்கூடக் கசக்கிறதா?" என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடும். கசக்கவில்லை, மாணவ நண்பர்களே! தன் முன்னே இருப்பது மீன் என்பதே அதற்குச் சரியாகத் தெரியவில்லை. அதன் மூக்கு அடைத்திருக்கிறது. மூக்கு அடைத்தால் நமக்கு இரண்டு நாள் தொல்லை; பூனைக்கோ அது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். ஏன் அப்படி, அதை எப்படிக் கண்டுகொள்வது, நாம் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

மூக்கால் உண்ணும் பிராணி

நம் நாக்கில் ஆயிரக்கணக்கான சுவை மொட்டுகள் உள்ளன. பூனையின் நாக்கில் இருப்பவை சில நூறுதான். இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது. இனிப்பை உணரும் புரதத்தை உண்டாக்க வேண்டிய ஜீன் பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்பது 2005-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாயசக் கிண்ணத்தைப் பூனை எட்டிப் பார்க்கிறது என்றால் அதிலுள்ள பாலும் நெய்யும்தான் காரணம், சர்க்கரை அல்ல.

நாக்கில் இல்லாததைப் பூனை மூக்கில் ஈடுகட்டுகிறது. அதன் மூக்கினுள் காகிதம் போன்ற மெல்லிய எலும்புகள் சுருட்டிய பனையோலைபோல் மடிந்து மடிந்து அமைந்துள்ளன. அவற்றின்மேல் ஈரமான சளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது. சிறிய முகத்துக்குள் இவ்வளவு பரப்பை அடக்கிவிட்ட அமைப்பு இது. வெளிக்காற்று இந்தச் சுருள்களின் வழியே போகும்போது சூடேறி, ஈரமேறி, தூசு நீங்கி நுரையீரலுக்குச் செல்கிறது. கூடவே வாசனையும் உணரப்படுகிறது. உணவை உண்ணலாமா, வேண்டாமா என்று பூனை தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வாசனையைக் கொண்டுதான்.

சளிச்சவ்வின்மேல் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் உள்ளன. காவிரிப் பாசன வயலில் காற்று வீசும்போது நெற்பயிர் அலையலையாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் இந்த இழைகள் ஒரே சீராக அசைந்து, தூசையும் நுண்ணுயிர்களையும் சளியோடு சேர்த்துத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. நோய்க் கிருமி வந்து இந்தப் பயிரையே அழித்துவிட்டால்? சளி நகராமல் தேங்கும். சுருள்களுக்கு இடையே இருந்த குறுகிய வழிகள் அடைபடும். காற்றும் சரியாகப் போகாது, வாசனையும் தெரியாது.

வாசனை தெரியாத பூனை பசித்திருந்தாலும் உண்ணாது. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. உணவு நின்றதும் உடலில் சேமித்து வைத்த கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகிறது. நாய்க்கும் நமக்கும் இதைச் சமாளிக்கும் திறன் ஓரளவு உண்டு. பூனையின் ஈரலோ அத்தனை கொழுப்பையும் கையாள முடியாமல் தனக்குள்ளேயே தேக்கிக்கொள்கிறது. சில நாட்கள் பட்டினி கிடந்தாலே ஈரல் செயலிழந்து கண்ணும் ஈறும் மஞ்சளிக்கலாம். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். "குண்டுப் பூனைதானே, நான்கு நாள் பட்டினி தாங்கும்" என்று எண்ணுவது தலைகீழான கணக்கு.

தும்மலுக்குக் காரணமான இருவர்

பூனைகளுக்கு வரும் சளிக் காய்ச்சலில் பெரும்பகுதிக்கு இரண்டு வைரஸ்களே காரணம். ஒன்று பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ். இதை 1958-இல் அமெரிக்காவில் கிராண்டெல், மௌரர் என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். மற்றொன்று பூனை கலிசி வைரஸ். இதை அதற்கு முந்திய ஆண்டு நியூஸிலாந்தில் ஃபாஸ்டியர் என்பவர் கண்டார். இவற்றுக்குப் பின்னால் சில பாக்டீரியாக்களும் வந்து சேர்ந்துகொள்வதுண்டு. தெளிந்த நீராக ஒழுகிய சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகிறது என்றால் அவை வந்துவிட்டன என்று கருதலாம்.

இரு வைரஸ்களின் போக்கும் வேறு. ஹெர்ப்பிஸ் கண்ணையும் மூக்கையும் தாக்கும். ஓயாத தும்மல், சிவந்த கண், காலையில் இமைகளை ஒட்டவைக்கும் பீளை ஆகியவை அதன் அடையாளங்கள். சில வேளைகளில் கருவிழியில் புண் உண்டாகும். குட்டிகளில் மூக்கின் எலும்புச் சுருள்களையே அரித்துவிடுவதால் சில பூனைகள் வாழ்நாள் முழுவதும் கர்ரென்று மூச்சுவிடும். கலிசி வைரஸோ வாயைத் தாக்கும். நாக்கிலும் அண்ணத்திலும் புண் வந்து எச்சில் ஒழுகும். சில குட்டிகள் ஒன்றிரண்டு நாட்கள் நொண்டவும் செய்யும். சளிக்கும் நொண்டுவதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். அந்த வைரஸ் மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்கக்கூடியது என்பதே விடை.

கலிசி என்ற பெயர் கிண்ணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வைரஸின்மேல் கிண்ணம்போன்ற குழிகள் தெரியும். இது தரையிலும் தட்டிலும் துணியிலும் ஒரு வாரம், சில வேளைகளில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஹெர்ப்பிஸ் அப்படியல்ல; வெளியே ஒரு நாள் தங்குவதே அரிது. ஆனால் அதற்கு வேறொரு தந்திரம் தெரியும். நோய் தீர்ந்த பிறகும் முகத்துக்குச் செல்லும் முப்பிரிவு நரம்பின் முடிச்சுக்குள் புகுந்து அது உறங்கிக் கிடக்கும். நமக்குச் சின்னம்மை தீர்ந்து பல ஆண்டுகள் கழித்து அக்கி வருகிறதல்லவா? அங்கும் நரம்பில் பதுங்கிய வைரஸ்தான் காரணம். இரண்டும் ஒரே குடும்பம்.

நோயுற்ற பூனையைத் தொட்டாலும், அதன் தட்டில் உண்டாலும், அது தும்மும்போது அருகில் இருந்தாலும் மற்றப் பூனைக்கு நோய் வரும். நம் கையும் பாவாடையும் வேட்டியும்கூட வைரஸைச் சுமந்து செல்லும். தெருப் பூனையைத் தடவிவிட்டு வீட்டுக்குட்டியைத் தூக்குவது அதனால்தான் கூடாது. தொற்றிய 2 முதல் 6 நாட்களுக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும். வேறு சிக்கல் இல்லாவிட்டால் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் குணமாகிவிடும்.

இந்த இரண்டும் மனிதனுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே பூனையின் சளியால் பாட்டிக்குச் சளி வந்துவிடும் என்று அஞ்சி அதைத் தெருவில் விடவேண்டிய அவசியமில்லை. பூனை முடியைப் பற்றிய பழைய அச்சம் ஒன்றும் நம் ஊரில் உண்டு. சிலருக்குப் பூனையால் இளைப்பு வருவது உண்மைதான். ஆனால் முடி அதற்குக் காரணமன்று. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் ஒவ்வாமை உடையவர்களுக்கு அதைத் தூண்டுகிறது. பூனை தன்னை நக்கும்போது அந்தப் புரதம் முடியில் ஒட்டிக்கொள்வதால் பழி முடியின்மேல் விழுந்துவிட்டது.

மூச்சை எண்ணுங்கள்

தும்மல் மேல்சுவாச வழியின் நோய். நுரையீரலையோ அதைச் சுற்றிய இடத்தையோ தாக்கும் நோய்கள் இதைவிடக் கொடியவை. அவற்றில் தும்மலே இருக்காது. சத்தமில்லாத இந்த நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு கைக்கடிகாரம் போதும்.

பூனை நன்றாக உறங்கும் நேரம் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். விலாப் பகுதி ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நலமான பூனை உறக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 30 மூச்சுவிடும். மடியில் படுத்து 'குர் குர்' என்று ஒலி எழுப்பும்போதோ, ஓடி விளையாடிவிட்டு வந்தவுடனோ எண்ணினால் கணக்கு தவறிவிடும். பூனை நலமாக இருக்கும்போதே நான்கைந்து நாட்கள் எண்ணி ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு ஒரு நாள் அந்த எண் 24-லிருந்து 42-க்குத் தாவினால், மருத்துவரிடம் நீங்கள் சொல்வதற்கு ஓர் உறுதியான செய்தி இருக்கும். "என்னவோ ஒரு மாதிரி இருக்கிறது" என்பதைவிட அது எவ்வளவோ மேல். அசையாமல் உறங்கும் பூனை 30-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 40-ஐத் தாண்டினால் நேரம் கடத்தக் கூடாது.

எண்ணும்போதே வேறு சிலவற்றையும் கவனியுங்கள். மூச்சுக்கு மார்பு மட்டும் அசைகிறதா, வயிறும் சேர்ந்து எக்குகிறதா? முன்னங்கால் முட்டிகளை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறதா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனை அப்படிச் செய்வது இயல்பன்று. திருச்சியின் கத்திரி வெயிலில், 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில், துள்ளி விளையாடிய பூனை சிறிது நேரம் வாய் திறந்து இளைக்கலாம். நிழலில் உட்கார்ந்ததும் அது நின்றுவிட வேண்டும். சும்மா படுத்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டாலும், ஈறு நீலம் பாய்ந்திருந்தாலும் அது ஒரு கணமும் தாமதிக்கக் கூடாத நிலை. அப்போது அதைப் பிடித்து அமுக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். கூடையில் வைத்து, காற்றுப் போகும்படி துணியால் மூடி, நேராகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பூனைக்கு ஆஸ்துமாவும் உண்டு. தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, எதையோ கக்கப்போவதுபோல் இருமும். ஆனால் ஒன்றும் வெளியே வராது. "முடி உருண்டை தொண்டையில் சிக்கிவிட்டது" என்று பலர் விட்டுவிடுவார்கள். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட் இவற்றின் புகை அதைத் தூண்டும். பூனையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கொசுவர்த்தியும் தரையில்தான் வைக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு மூக்குத் துளையில் மட்டும் சளி வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அருகம்புல்லைத் தின்ற பூனைக்குப் புல்லின் ஒரு துண்டு தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கினுள் மாட்டிக்கொள்வதுண்டு. திடீரென்று தொடங்கும் விடாத தும்மலுக்கு அதுவும் ஒரு காரணம். நீங்களே இடுக்கி போட்டு எடுக்க முயலாதீர்கள்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது பலரின் நம்பிக்கை. அது சரியான அளவுகோல் அல்ல. தொட்டால் சூடாக இருப்பதும் அப்படியே. பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்வரை. நம் கைக்கு அது எப்போதுமே சற்றுச் சுடும்.

வண்டலூரில் நடந்தது

பூனைக் குடும்பத்தின் பெரிய உறுப்பினர்களும் இப்படித்தான். 2021-ஆம் ஆண்டு மே 26 அன்று, சென்னையை அடுத்த வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 5 சிங்கங்கள் சரியாக உண்ணவில்லை, இடையிடையே இருமின. 11 சிங்கங்களின் மாதிரிகள் மத்தியப் பிரதேசத்தின் போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. அவற்றில் 9 சிங்கங்களுக்குக் கொரோனா வைரஸ் தொற்றியிருப்பது தெரிந்தது. நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. அதற்கு முன்பு வெளியே தெரிந்த அடையாளம், முந்திய நாள் மூக்கிலிருந்து வடிந்த சிறிது நீர் மட்டுமே. அதே மாதத்தில் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் மாண்டது. சில மாதிரிகளின் மரபுக் குறியீட்டைப் படித்தபோது, அப்போது மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே அங்கும் இருந்தது.

நீலாவின் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயை மறைப்பதில் பூனை இனம் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. தனியாக வேட்டையாடி வாழ்ந்த பிராணி தன் தளர்ச்சியை வெளியே காட்டினால் எதிரிக்கு இரையாகும். வீட்டுப் பூனைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் உண்ணாமை, ஒதுங்கிப் படுத்தல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துதல் போன்ற சிறிய மாற்றங்களைப் பெரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் யாருக்காவது கொரோனாவோ கடுமையான ஃப்ளூ காய்ச்சலோ இருந்தால் பூனையை அவர் படுக்கையில் விடாதீர்கள். கோழிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பச்சைக் கழிவையும் பூனைக்குப் போடாதீர்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியது கண்டுபிடிக்கப்பட்டது. கோழியை நன்றாக வேகவைத்தால் அந்த வைரஸ் அழிந்துவிடும்.

ஒரே மாத்திரை, இரண்டு முடிவுகள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். சளி, காய்ச்சல் என்றதும் நம் கை போவது பாராசிட்டமால் மாத்திரைக்கு. "குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்குக் கால் மாத்திரை கொடுத்தால் என்ன?" என்று அன்போடு கொடுப்பவர்கள் உண்டு. அந்த அன்பு பூனையைக் கொன்றுவிடும்.

காரணம் ஈரலில் இருக்கிறது. மருந்து எதுவானாலும் அது வேலை முடிந்து உடலைவிட்டு வெளியேற வேண்டும். நம் ஈரலில் உள்ள ஒரு நொதி பாராசிட்டமாலைப் பிடித்து, குளுக்குரானிக் அமிலம் என்ற பொருளுடன் கோத்துவிடுகிறது. அப்படிக் கோத்தது நீரில் எளிதாகக் கரையும், சிறுநீரோடு போய்விடும். பூனையின் உடலில் அந்த நொதிக்குரிய ஜீன், இனிப்புச் சுவை ஜீனைப் போலவே, பழுதாகிக் கிடக்கிறது. இலை, காய், பழம் உண்ணும் விலங்குகளுக்குத் தாவரங்களிலுள்ள நச்சுப் பொருள்களை வெளியேற்ற இத்தகைய நொதிகள் வேண்டும். இறைச்சியே உண்டு வாழ்ந்த பூனை இனத்துக்கு அதன் தேவை குறைந்துபோனது. பழுதான ஜீனும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்று அறிவியலார் கருதுகிறார்கள்.

வழி அடைபட்ட பாராசிட்டமால் வேறு வழியில் மாறி நச்சுப் பொருளாகிறது. அது இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. பூனையின் ஹீமோகுளோபின் இத்தகைய தாக்குதலுக்கு மிகவும் எளிதில் ஆளாகும். அதிலுள்ள இரும்பு நிலை மாறியதும் அது ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. இரத்தமே பழுப்பேறுகிறது. ஈறு சாக்லெட் நிறமாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். பூனை மூச்சுக்குத் திணறும். சளியால் மூச்சுத் திணறிய பூனைக்குக் கொடுத்த மருந்து, உள்ளே போன காற்றையும் பயனில்லாமல் செய்துவிடுகிறது!

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைக்கு நஞ்சேறியதாகப் பதிவுகள் உண்டு. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையின் கால் பங்கே 125 மில்லிகிராம். தவறிக் கொடுத்துவிட்டாலும், கீழே விழுந்ததைப் பூனை தின்றுவிட்டாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. அது பலிக்கச் சில மணி நேரமே அவகாசம். திட்டு விழுமே என்று பயந்து உண்மையை மறைத்தால் மருத்துவருக்குச் சளிதான் தெரியும், நஞ்சு தெரியாது.

கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த சளித் தைலங்களும் அதே பட்டியலில் சேரும். பூனையின் மார்பில் தடவினால் அது நக்கியே தீரும். ஆகவே மேலுக்குத் தடவும் மருந்து என்று பூனைக்கு ஒன்று இல்லை, எல்லாமே உள்ளுக்குத்தான். தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே. பாதத்தில் ஒட்டி நாக்குக்குப் போகும். கற்பூரவல்லிச் சாறு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மிளகுக் கஷாயத்தைப் பாலாடையில் வைத்துப் புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியில் முடியலாம். தாத்தாவின் கண் அறுவைக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்தைப் பூனையின் கண்ணில் விடாதீர்கள். அத்தகைய மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஹெர்ப்பிஸ் புண் உள்ள கருவிழியை அது மேலும் கெடுத்துவிடும்.

வீட்டில் செய்யத் தக்கவை

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. பூனையின் சளியைக் குணப்படுத்துவதில் பெரும்பங்கு செவிலிக்கு உரியது. அந்தச் செவிலி நீங்கள்தான்.

முதலில் அதை மற்றப் பூனைகளிடமிருந்து பிரித்து, ஈரமில்லாத, காற்றோட்டமான, புகை வராத மூலையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த குட்டியானால் உலர்த்திப் பழைய துணியில் சுற்றுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி அதில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். பஞ்சை அதில் நனைத்து, மூக்கில் காய்ந்த சளியையும் கண் பீளையையும் ஊறவைத்து மெல்ல எடுங்கள். உரித்து எடுக்கக் கூடாது. ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மற்றக் கண்ணுக்கு வைக்கக் கூடாது. மூக்கு திறந்தவுடனே உணவை முகர்ந்து பார்க்கும் பூனைகளைக் காணலாம். பல நேரங்களில் மருந்தைவிட இதுவே விரைவாக வேலை செய்கிறது.

ஆவி பிடிப்பது நல்லது, ஆனால் நாம் பிடிப்பதுபோல் அல்ல. பாத்திரத்தின்மேல் பூனையின் தலையைக் கவிழ்த்தால் வெந்துபோகும், உங்களையும் பிறாண்டும். குளியலறையில் வெந்நீரை ஊற்றி ஆவி நிறைந்ததும், வெந்நீர் எட்டாத இடத்தில் பூனையுடன் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு முறை. நீரில் தைலம் எதுவும் வேண்டாம்.

உணவை இளஞ்சூடாக்குங்கள். சூடு ஏறினால் வாசனை அதிகமாக எழும். மத்தி, சங்கரா எதுவானாலும் வேகவைத்து முள் நீக்கி, அந்த நீரோடு மசித்து, விரலில் தொட்டு உதட்டில் தடவிப் பாருங்கள். சுவை தெரிந்தபின் தானாகவே உண்ணத் தொடங்கலாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு கூடவே கூடாது. அவையும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை. தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்த பூனைகள் நம் தெருக்களில் ஏராளம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நோயின்போது அதற்கு வேண்டியது புரதம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். வளர்ந்த பூனை ஒரு முழு நாள் உண்ணாவிட்டாலோ, குட்டி அரை நாள் உண்ணாவிட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

திருச்சியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆடு மாடுகளோடு பூனையையும் பார்ப்பார்கள். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு ஹாரன் சத்தம் போதும், பூனை ஜன்னல் வழியே போய்விடும். மூடியுள்ள கூடை அல்லது துளையிட்ட அட்டைப்பெட்டி வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தால், விழுங்கிய உடனே சிறிது நீரோ உணவோ கொடுத்து அது வயிற்றுக்குள் இறங்கச் செய்யுங்கள். உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டால் அது புண்ணாக்கும். வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. பின்னால் வந்த பாக்டீரியாவுக்குத்தான் அது. எனவே மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. எச்சில் ஒழுகும் பூனை எல்லாம் சளிப் பூனை அல்ல. குணம் மாறி, காரணமின்றிக் கடிக்க வருகிறது என்றால் வெறிநோயாகவும் இருக்கலாம். அதன் வாயைத் திறந்து பார்க்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தட்டையும் தரையையும் முதலில் சோப்பு நீரால் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் கலிசி வைரஸ் அழியும். அதனுடன் ஆசிட்டையோ வேறு எதையுமோ கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

ஊசியும் உறங்கும் வைரஸும்

தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு குட்டிக்குச் சில வாரங்களே நிற்கும். அதன் பிறகு 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பின்னர் ஓராண்டு கழித்து ஒன்று என்பது பொதுவான முறை. ஹெர்ப்பிஸ், கலிசி, பூனைகளின் கொடிய குடல் நோய் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே ஊசி வருகிறது. வெறிநோய்க்கு ஊசி தனி. இந்த ஊசி போட்ட பூனைக்குச் சளியே வராது என்று சொல்ல முடியாது. வந்தாலும் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகாமல் பெரும்பாலும் காக்கும்.

ஏற்கெனவே ஒரு முறை சளி கண்டு பிழைத்த பூனையின் நரம்பில் ஹெர்ப்பிஸ் உறங்கிக்கொண்டிருக்கும் என்று பார்த்தோம். வீடு மாறுவது, புதிய பூனை வருவது, நோய், பிரசவம், தீபாவளி வெடிச் சத்தம் போன்ற அதிர்ச்சிகள் அதை எழுப்பிவிடும். அதிர்ச்சி நேர்ந்து ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து வைரஸ் வெளிவரத் தொடங்கும். ஓரிரு வாரங்கள் அது நீடிக்கும். ஆகவே தீபாவளிக்கு நான்கைந்து நாட்கள் முன்பிருந்தே பூனைக்குச் சத்தம் குறைந்த உள்ளறையில் ஒரு பெட்டியும் பழந்துணியும் வைத்துப் பழக்குங்கள். தீபாவளியை ஒட்டி யாராவது ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு வாரம் அதைத் தனி அறையில், தனித் தட்டில் வைத்திருந்து, இரண்டும் தும்மாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஒன்றாக விடுங்கள்.